கழிக்குப் போட்ட பூட்டு

அந்தப் பூட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் நல்லா வருகிறது. பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம் இருக்கும். கழியின் குறுக்கே கட்டிய ஷட்டரின் சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றி, அந்தச் சங்கிலியில் இதை மாட்டி, சாவியை இருபது கிலோமீட்டர் தள்ளி டவுனில் ஒரு ஆபீஸ் பீரோவுக்குள் வைத்திருந்தார்கள். வீட்டைப் பூட்டுவார்கள், கடையைப் பூட்டுவார்கள், கோயில் உண்டியலைப் பூட்டுவார்கள். ஏறி இறங்குகிற தண்ணீரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்த புண்ணியவான்களை நான் எங்கள் பக்கத்தில்தான் பார்த்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். சொன்னால் அதற்கும் மூன்று நகல் எடுத்து மனுவாகக் கொடுக்கச் சொல்வார்கள்.

மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. அதுதான் என் பிழைப்பு. டவுனில் ஆபீஸ்கள் இருக்கிற தெருவில் இருபத்தைந்து வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், காணாமல் போன ரேஷன் கார்டு என்று ஊர்க்காரர்களின் கவலைகளையெல்லாம் "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த ஷட்டர் வேண்டும் என்று மனு எழுதியதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து என் முகத்தில் வீசுவதற்கு முன்னால் நானே சொல்வது நல்லது.

எங்கள் ஊர் மணமேல்குடிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே உப்பங்கழி. நாங்கள் சுருக்கமாகக் கழி என்போம். மேற்கே எங்கோ பெய்கிற மழை கண்மாய் கண்மாயாக நிரம்பி, கலுங்கு தாண்டி, ஆறாகி, கடைசியில் இந்தக் கழி வழியாகத்தான் கடலுக்குப் போகும். கடலும் சும்மா இருக்காது. தினம் இரண்டு தடவை கழிக்குள் ஏறி வரும், இறங்கிப் போகும். சாதாரண நாளில் ஆற்று வாயோடு நின்றுகொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிதாகி ஆற்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து எங்கள் வயல் வாய்க்காலுக்கு உப்பைக் கொண்டுவரும். ஆனால் அதே தண்ணீரோடுதான் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் ஆற்றுக்குள் வந்து வளரும். கழியை ஒரேயடியாக அடைத்தால் ஆறு செத்துப்போகும். ஒரேயடியாகத் திறந்து போட்டால் வயல் செத்துப்போகும். இது எங்கள் ஊரில் நண்டு பிடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு ஏற்பாடு இருந்தது. கழி குறுகுகிற இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கல்தூண்கள். தூணில் மேலிருந்து கீழ்வரை காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியில் பனம்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் கழி அடைபடும், தூக்கினால் திறக்கும். மொத்தம் ஏழு பலகை. கடல் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கி, இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் அப்ப வேண்டும். உச்சத்தில் மேல் பலகைக்கு மேலே கொஞ்சம் வழிந்து குஞ்சுகள் உள்ளே வரும். கடல் வடிய ஆரம்பித்ததும் பலகையைத் தூக்கிவிட வேண்டும். தூக்க மறந்த வீட்டுக்காரரைப் பார்த்து ஊரே காறித் துப்பும்.

இந்த வேலைக்கு வீட்டுக்கு வீடு முறை இருந்தது. முறையைக் கிழமை வைத்துப் பிரிக்கவில்லை, திதி வைத்துப் பிரித்திருந்தார்கள். எங்கள் அப்பா வீட்டுக்குப் பிரதமை, அதாவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள். மேலத்தெருக் கடைசி வீட்டுக்குத் துதியை. கோயிலை ஒட்டிய வீட்டுக்குச் சதுர்த்தசி. கடல் ஏறுகிற நேரம் நாளுக்கு முக்கால் மணி தள்ளிப்போகும். ஆனால் ஒரு திதிக்கு என்ன நேரமோ அது ஏறத்தாழ மாறாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் திதியின் நேரம் மட்டும் தெரிந்தால் போதும். ஊருக்குள் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், திதியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். கடைக்காரர் என்னை, "ஏம்மா பிரதமை, அப்பா காலண்டர் வாங்கிட்டாரா?" என்றுதான் கேட்பார். என் அக்காவை உள்ளூரிலேயே அமாவாசை வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று தோழிகள், "நேத்து வரைக்கும் பிரதமை, இன்னைக்கி அமாவாசை. ஒரு நாளு பின்னாடி போயிட்டாளேடி!" என்று கேலி பண்ணினார்கள். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. துதியை வீட்டார் திருப்பூர் போனார்கள். சதுர்த்தசி வீட்டில் இரண்டு பிள்ளைகளும் துபாய். எங்கள் அப்பா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா போனபின் தம்பி குவைத்துக்குப் போய்விட்டான், வீட்டில் பல்லிதான் குடியிருக்கிறது. வீடு போனபோது அந்த வீட்டோடு அந்தத் திதியின் நேரமும் போய்விட்டது. சதுர்த்தசிக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று கேட்டால் ஊரில் சொல்ல ஆளில்லை. இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா? ஒரு வீட்டு நேரம் இன்னொரு வீட்டுக்குத் தெரியாமலே எத்தனையோ தலைமுறை ஓட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் என்றைக்கும் இருப்பான் என்று நினைத்தோம். நாங்கள் பண்ணிய முதல் தப்பு அது.

கடைசியில் பலகை முழுவதும் அக்கா தலையில் விழுந்தது. அத்தான் இறந்து வெகுகாலமாகிவிட்டது. மகன் கத்தாரில். ஒரு ஏக்கர் வயல் அவளுடையது. கழியை ஒட்டி முதல் வயலாக இருப்பதால் உப்பு வந்தால் முதலில் அங்கேதான் வரும். அந்த ஒரு ஏக்கர் நெல்தான் அவளுக்கு வருஷச் சாப்பாடு, கௌரவம், எல்லாம். மகன் பணம் அனுப்புகிறான்தான். ஆனாலும் கடை அரிசி பொங்கிச் சாப்பிட்டதில்லை என்பதை அக்கா தாலிச் சரடு மாதிரி காப்பாற்றிக்கொண்டு வந்தாள். அதற்காக ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஐந்தாறு நாள், ஊரில் மிச்சம் இருந்த இரண்டு மூன்று பெண்களைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பலகை இறக்கினாள். நாலு வருஷம் முன்னால் ஈரப் பலகை கை நழுவி இறங்கியதில் வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இனிமே ரேஷன் கடையில ரேகை எப்புடி வைக்கிறது?" என்று கேட்டாள். அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்குத் திரும்பியதும் அந்த ஆத்திரத்திலேயே மனுவை அடித்தேன்.

நல்ல மனு. என் வாழ்நாளில் அப்படி ஒரு மனு அடித்ததில்லை. இரும்பு ஷட்டர் வேண்டும், ஒரு ஆள் சக்கரத்தைச் சுற்றினால் போதும் என்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன்: "மேற்படி ஷட்டரும் அதன் சாவியும் பொறுப்புள்ள அலுவலரின் கட்டுப்பாட்டில் இருக்க ஆவன செய்யுமாறு." நாளைக்கு ஊருக்குள் நீ திறந்தாய், நான் மூடினேன் என்று சண்டை வரக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். பொறுப்புள்ள அலுவலர்! அந்த வார்த்தையை அடித்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? இன்றைக்கு அந்த வரியை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மனு பலித்தது. இரண்டு வருஷத்தில் ஷட்டர் வந்தது. கான்ட்ராக்டர் ஆட்கள் கல்தூண்களைப் பிடுங்கி, ஒன்றை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். இன்னொன்று டீக்கடை வாசலில் உட்காரும் பெஞ்சாகிவிட்டது. ஏழு பலகையில் ஆறு ஆட்டுக் கொட்டகைக்கும் அடுப்புக்கும் போயின. மிச்சம் இருந்த ஒரு பலகையை நான் கேட்டு வாங்கி, இரண்டு சிமெண்டுக் கல்லின்மேல் போட்டு, கடையில் வாடிக்கையாளர் உட்கார வைத்துக்கொண்டேன். அக்கா அன்றைக்கு வெல்லத்தைக் கரைத்து ஷட்டர் வேலை பார்த்த ஆட்களுக்கெல்லாம் பானகம் கொடுத்தாள். "என் தங்கச்சி எழுதி வாங்குனது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

ஷட்டரை ஏற்றி இறக்குகிறவருக்கு லஸ்கர் என்று பேர். முதலில் வந்தவர் தங்கமான மனுஷன். அமாவாசை நெருங்கினால் அக்காவுக்கு போன் போட்டு, "எத்தன மணிக்கும்மா ஏறும்?" என்று கேட்டுக்கொண்டு வருவார். அவர் ரிடையர் ஆனார். அடுத்து வந்த பையனுக்கு எட்டு ஷட்டரைக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு உத்தரவு வந்தது, எழுத்து மூலமான ஆணை இல்லாமல் ஷட்டரைத் தொடக்கூடாது என்று. ஆணை போடுகிறவருக்குக் காலை பத்து மணிக்கு ஆபீஸ். கடல் அவரைக் கேட்டா ஏறும்? சில நாள் கடல் வடியும்போது ஷட்டரை மூடினார்கள், ஏறும்போது திறந்தார்கள். ஒரு கோடையில் மாதக்கணக்கில் மூடியே கிடந்து, ஆற்றுக்குள் இறால் என்ற பேச்சே இல்லாமல் போனது. தண்ணீர் பச்சை நுரை கட்டி நாறியது. அக்கா போனில் சொல்வாள், நான் மனு அடிப்பேன். அடித்த மனுக்களை அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும்.

இந்த வருஷம் மழை பிந்தியது. நாற்றுப் பிந்தி, நடவு பிந்தி, பொங்கலுக்கு அறுத்திருக்க வேண்டிய நெல் பொங்கலன்று அப்போதுதான் பால் பிடித்து நின்றது. பொங்கலுக்கு முந்திய வாரம் மேற்கே திடீர் மழை. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று ஷட்டரை முழுக்க மேலே ஏற்றினார்கள். அது சரிதான், வெள்ளம் வடிய வேண்டும். ஏற்றியவர்கள் சங்கிலியைச் சுற்றிப் பூட்டிவிட்டு, சாவியைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துவிட்டு, பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டரே சொன்னது. அந்தக் காலண்டரும் என் கடைப் பெயர் போட்டு நான் கொடுத்ததுதான்.

அன்றைக்குக் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் வந்தது.

"ஏடி, வாய்க்கால்ல தண்ணி கரிக்குது. நாக்குல வச்சுப் பாத்தேன். ஷட்டரு தொறந்து கெடக்கு. வாடக் காத்தும் சேந்து தள்ளுது. ஒடனே கெளம்பி வா."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முக்கால் மணியில் போய்ச் சேர்ந்தேன். ஊரில் பாதிப் பேர் அமாவாசை முழுக்குக்குக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஷட்டர் மேடையில் அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கையில் கடப்பாரை. ஈரச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கீழே கழி மேற்குப் பார்த்து ஓடியது. நுரையும் பாசியும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஏற்றம் உச்சத்துக்கு வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அமாவாசை நேரம் அக்காவுக்குத் தப்பாது, அது அவள் வீட்டுத் திதி.

"சங்கிலிக்குள்ள விட்டு நெம்புனா விட்டுரும். நீ அங்கிட்டுப் புடி. எறக்கிருவோம்" என்றாள் அக்கா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கையைப் பிடித்தேன். "வேணாங்க்கா. அரசாங்கப் பூட்டு. ஒடச்சா கேஸாயிரும். பொதுச் சொத்துக்குச் சேதம்னு உள்ள வச்சிருவாங்க. இரு, நான் போன் பண்றேன். எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்கதான்" என்றேன். இருபத்தைந்து வருஷம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த புத்தி வேறு எதைச் சொல்லும்? அக்கா என்னைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், கழியைப் பார்த்தாள். படித்தவள் சொல்கிறாள் என்று கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

நான் போன் பண்ணினேன். ஷட்டரில் பெயின்ட் அடித்து எழுதியிருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆபீஸ் லேண்ட்லைன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. லஸ்கர் பையன் எடுத்தான். அவனுக்குத் தலைப் பொங்கல், திருமயத்தில் மாமியார் வீட்டில் இருந்தான். "அக்கா, சாவி பீரோவுல இருக்குக்கா. பீரோ சாவி சார்கிட்ட இருக்கு. நான் இங்கருந்து கெளம்பி வந்தாலும் என்னக்கா பண்றது?" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சார் மூன்று தடவை கட் பண்ணினார். நாலாவது தடவை எடுத்து, "லீவு நாள்ல என்னம்மா? வாட்ஸப்ல போட்டோ அனுப்புங்க, பாக்குறேன்" என்றார். அனுப்பினேன். ஷட்டர், சங்கிலி, உள்ளே ஓடுகிற தண்ணீர், பால் பிடித்த கதிர், எல்லாவற்றையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நோட்டட்." அதற்குக் கீழே, கரும்பும் பானையும் போட்ட பொங்கல் வாழ்த்துப் படம்.

தலை நிமிர்ந்து பார்த்தபோது வாய்க்கால் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் அக்கா வயலின் கிழக்கு வரப்பைத் தாண்டி, சத்தமே இல்லாமல் கதிர்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. அக்கா மண்வெட்டியோடு ஓடி வரப்பில் மண்ணை அள்ளிப் போட்டாள். நானும் கையால் அள்ளிப் போட்டேன். ஒரு இடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் திறந்தது. அப்புறம் அக்கா நிறுத்திவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில், தன் வயலைப் பார்த்தபடி நின்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. அந்தக் கடப்பாரை அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது. நான் அதைத் தாண்டித்தான் ஸ்கூட்டிக்குப் போனேன்.

பத்து நாளில் கதிர் வெளுத்தது. நின்ற நிலையிலேயே காய்ந்தது. ஒரு கதிரைப் பிடுங்கிக் கசக்கி ஊதினேன், கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தனையும் பதர். ஆபீசிலிருந்து வந்து பார்த்துவிட்டு, வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் நிவாரணம் உண்டு, கடல் தண்ணீர் என்றால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாசமாய்ப் போகிற படிவம்! அந்தப் படிவத்தை ஆயிரக்கணக்கில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அக்கா எனக்கு போன் செய்வதை நிறுத்திவிட்டாள். நான் கூப்பிட்டால் எடுப்பாள். "நல்லாருக்கேன், வேலையா இருக்கேன், வச்சிரவா?" அவ்வளவுதான். ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனேன். அடுக்களை ஓரத்தில் பிளாஸ்டிக் மூட்டை ஒன்று சாய்ந்திருந்தது. கடை அரிசி. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முறத்தை எடுத்து அதன்மேல் வைத்து மறைத்தாள். "சாப்புட்டுப் போ" என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. என் அக்கா, வாசலை மிதித்தவரைச் சோறு போடாமல் அனுப்பாதவள். எனக்கு வயிறு எரிந்தது. ஆபீஸ்காரர்கள்மேல் எரிந்ததைவிட என்மேல் அதிகமாக எரிந்தது. அவள் சொன்னபோது அந்தச் சங்கிலியை நெம்பியிருந்தால் இந்த மூட்டை இந்த வீட்டுக்குள் வந்திருக்குமா?

அந்தச் சமயத்தில் ஷட்டர் இன்னும் மேலேயே இருந்தது. மூடுவதற்கான ஆணை மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். மேலிடம் எது என்று கேட்டதற்கு அதற்கும் மேலே கையைக் காட்டினார்கள். அடுத்த பௌர்ணமி வந்தது. இந்தத் தடவை உப்பு ஏறினால் பயிர் போகாது, வயலில்தான் ஒன்றுமில்லையே. ஆனால் மண் போய்விடும். அடுத்த போகத்துக்கும் ஒன்றும் முளைக்காது. பௌர்ணமியன்று காலையில் கடையைத் திறக்கவில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையில் கடப்பாரை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஸ்கூட்டியில் குறுக்கே கட்டிக்கொண்டு நேரே ஷட்டர் மேடைக்குப் போனேன்.

சங்கிலிக்குள் கடப்பாரையை விட்டு நெம்பினேன். வழுக்கியது. மறுபடி நெம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், கீபோர்டு தட்டிய கைக்கு அது எப்படி வரும்? உள்ளங்கை தோல் உரிந்தது. "போங்கடா, நீங்களும் ஒங்க பொறுப்பும்!" என்று கத்திக்கொண்டே பூட்டின்மேல் ஓங்கி ஓங்கிப் போட்டேன். எத்தனையாவது அடியிலோ கொக்கி விட்டுப்போய்ப் பூட்டு கழியில் விழுந்தது. சங்கிலியை உருவிப் போட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன், அசையவில்லை. துரு. அப்போது பக்கத்தில் இன்னொரு கை வந்து சக்கரத்தைப் பிடித்தது. அந்தக் கையில் ஆள்காட்டி விரல் குட்டையாக இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூச்சப் புடிச்சுக்கிட்டுத் தள்ளு" என்றாள். தள்ளினோம். ஷட்டர் ஒவ்வொரு அங்குலமாக இறங்கியது. தரையைத் தொட்ட சத்தம் கேட்டதும் இருவரும் அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டோம். கடல் வந்து ஷட்டர்மேல் முட்டிக்கொண்டு நின்றது. வடிய ஆரம்பித்ததும் மறுபடி ஏற்றிவிட்டோம். அக்கா எழுந்து வீட்டுக்குப் போனாள். போகும்போது, "கைக்கு மஞ்சளு போடு" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து கிளார்க் என் கடைக்கு வந்தார். அவர்கள் கம்ப்யூட்டர் பழுதானால் எனக்குத்தான் வேலை வரும். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு புகார் அடிக்க வேண்டும் என்று எழுதிய தாளை நீட்டினார். அரசுக்குச் சொந்தமான ஷட்டரின் பூட்டை அடையாளம் தெரியாத நபர்கள் உடைத்துவிட்டார்கள், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. அப்போது கடையில் அக்காவும் இருந்தாள். நிவாரண மனுவில் கட்டமில்லாத இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்க முதல் தடவையாக அவளாகவே வந்திருந்தாள். அந்தப் பழைய பனம்பலகையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

நான் புகாரை அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று வந்த இடத்தில் அதை விட்டுவிட்டு என் பெயர், வயது, தகப்பனார் பெயர், கடை விலாசம் போட்டேன். "உடைத்த நேரம்" என்று புதிதாக ஒரு வரி சேர்த்து, "பௌர்ணமி திதி, கடல் ஏறும் முன்" என்று போட்டேன். பிரின்ட் எடுத்து நீட்டினேன்.

கிளார்க் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிப் படித்தார். "என்னம்மா இது? ஒங்க பேரு இருக்கு?"

"தெரிஞ்ச ஆளத் தெரியாத ஆளுன்னு எழுதுனா பொய்ப் புகாராயிரும் சார்."

"வெளையாடாதீங்கம்மா. இது ஸ்டேஷனுக்குப் போறது. அழிச்சிட்டு வேற அடிங்க. நீங்க எதுக்கு இதுல வந்து மாட்டிக்கிறீங்க?"

"அழிக்க மாட்டேன் சார். பொறுப்புள்ள ஆள் ஒருத்தராவது இருக்கணும்னு நானேதான் மனுவுல எழுதியிருந்தேன். கையெழுத்தப் போட்டுக் கொண்டுபோங்க."

அவர் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். பின்னால் பலகை கிரீச்சிட்டது. அக்கா எழுந்து வந்து மேசையில் கையூன்றி, அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏடி, எம் பேரு எங்க?"

"ஒனக்கு எதுக்குக்கா?"

"சக்கரத்தச் சுத்துனது யாரு, ஒம் மாமியாளா? சேத்து அடி."

கிளார்க், "அம்மா, அம்மா" என்று என்னவோ சொல்ல வந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் அந்த ஃபைலை மறுபடி திறந்தேன். என் பெயருக்கு முன்னால் அவள் பெயரை அடித்தேன், மூத்தவள் அல்லவா. "கணவர் பெயர்" என்று அடிக்கப் போனபோது என் தோளைத் தட்டினாள்.

"அது வேணாம். அப்பா பேரு போடு. பிரதமை வீடுன்னு போடு."

எனக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு அடித்தேன். இரண்டு பேருக்கும் தகப்பனார் ஒருவரே என்பதால் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டது.